பீளமேட்டின் கதையில் சங்குச் சத்தத்துக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபரில் அவிநாசி சாலை மேம்பாலம் திறந்ததிலிருந்து எங்கள் பீளமேட்டைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர், நடுவில் எங்கள் ஊர் அடியில் கிடக்கிறது. பாலத்துக்குக் கோவையின் தொழில் முன்னோடி ஜி.டி.நாயுடு பெயரை வைத்தார்கள், மகிழ்ச்சி. அதையொட்டி ஊரின் தொழில் வரலாறு என்று வந்த கட்டுரைகளையெல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். மில் கட்டினவர் வருகிறார், காலேஜ் கட்டினவர் வருகிறார், மோட்டார் செய்தவர் வருகிறார். வர வேண்டியவர்கள்தான், அவர்கள் இல்லாமல் இந்த ஊர் இல்லை. ஆனால் அந்த மில்லுக்குள்ளே எட்டு மணி நேரம் நின்று நூல் நூற்றவர்கள் ஒரு கட்டுரையில்கூட வரவில்லை. மில்லில் நூல் சுற்றும் ரீலிங் தொழிலாளி ஒருவரின் மகளாக எனக்கு அது மனதில் குத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகக் குடிவந்த பலருக்குத் தெரியவில்லை. பீளமேடு என்பது பூளைமேடு. பூளைச்செடி மண்டிக் கிடந்த மேடு. பொங்கலுக்கு முந்தின நாள் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு காப்புக் கட்டுவோமே, வேப்பிலை, ஆவாரம்பூ, அதோடு சேர்த்து ஒரு வெள்ளைப் பூ, அதுதான் பூளைப்பூ. கையில் எடுத்தால் கனமே இருக்காது, பஞ்சை உருட்டிக் குச்சியில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காலத்தில் வாசலைத் தாண்டினால் பறித்துக்கொள்ளலாமாம். இப்போது பூளைமேட்டுக்காரர்களே பூளைப்பூவைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டுகிறோம்.

இங்கே ஏன் மில் வந்தது என்பதைப் பலரும் "நல்ல தட்பவெப்பம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால் நூல் அறுபடாது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நமக்குக் கொடுத்தது அது, சரி. கூடவே சுற்றுவட்டாரத்தில் விளைந்த கம்போடியாப் பருத்தியும் இருந்தது. 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் மில்லை ஆரம்பித்தார், 1910ல் லட்சுமி மில் வந்தது, 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்ததும் மில்கள் அடுத்தடுத்து முளைத்தன. அதே மின்சாரம் இன்னொரு வேலையும் செய்தது. எங்கள் பக்கம் மழை குறைவு, கிணறுகள் ஆழம், அதுவரை மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த விவசாயிக்குப் பம்பு தேவைப்பட்டது. பம்பு வேண்டுமென்றால் வார்ப்படம் வேண்டும், மோட்டார் வேண்டும், லேத்து வேண்டும். 1937ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து உருவாக்கிய மோட்டாரை இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் என்று சொல்வார்கள். ஆக மில்லும், இரும்பு வார்க்கும் பவுண்டரியும் ஒரே ஊருக்குள், ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. எங்கள் வீட்டில் அம்மா மில், அப்பா பவுண்டரி.

பி.எஸ்.ஜி. குடும்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தபோது தர்மத்தை ஐந்தாவது பிள்ளையாக வைத்து அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள், 1926ல் அந்த அறக்கட்டளை பிறந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை, எத்தனை முறை சொன்னாலும் தகும். அதற்கு முன்பே, 1924ல், பள்ளிக்கூடம் ஆரம்பித்தபோது "சர்வஜன" என்று பெயர் வைத்தார்கள் பாருங்கள், எல்லா சனங்களுக்கும் என்று, அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது, அந்த ஐந்தாவது பங்கின் கதை எழுதப்பட்டிருக்கிறது, கல்வெட்டில் இருக்கிறது. மற்றவர்களின் கதை எங்கேயும் எழுதப்படவில்லை, சிலருடைய ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது, அந்தச் சிலருக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது.

என் அம்மாவுக்கு 78. பதினேழு வயதில் மில்லில் சேர்ந்தார். எந்த மில் என்று சொல்ல வேண்டாம், மூடி முப்பது வருஷம் ஆகிறது. ரீலிங் என்றால் நூற்ற நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை, கைத்தறிக்காரர்களுக்குப் போகும் நூல். ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு, எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நூலின் நம்பர், நாற்பது சிட்டம் வந்தால் நாற்பதாம் நம்பர். எனக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை, அம்மா அடுப்படியில் சொன்னது. ஓடும்போது இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அந்த முடிச்சு நம்மைப் போல இரண்டு கையையும் ஆட்டிப் போடும் முடிச்சு கிடையாது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தொட்டு விலகும், அவ்வளவுதான், முடிச்சு விழுந்திருக்கும், மீதி நூலைப் பட்டென்று அறுத்துவிடுவார். இப்போது வலது கண்ணில் புரை, நூல் சரியாகத் தெரியாது. போன பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலையையும் ஆவாரையையும் பூளைப்பூவையும் சேர்த்துப் பிடித்து நூல் கேட்டார், கொடுத்தேன், வாசலைப் பார்த்து யாரிடமோ பேசிக்கொண்டே கட்டினார், கையை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. அதே முடிச்சு. அதே பட்டென்ற சத்தம்.

மில் நாட்களில் எங்களுக்கு ஆண்டுக்கு ஒருநாள்தான் கேட் திறக்கும், ஆயுத பூஜை. அன்றைக்குக் குடும்பத்தோடு உள்ளே போகலாம். எனக்கு ஏழு வயது இருக்கும்போது போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கேட்டில் வாழை மரம், பாதை முழுக்கத் திருநீறும் பூசணிக்காயும், எல்லோர் கையிலும் பொரி கடலைப் பொட்டலம். நாங்கள் வீட்டிலிருந்து கேட்டுப் பழகியது அந்தக் கட்டடத்தின் இரைச்சலை மட்டும்தான், அன்றைக்கு உள்ளே போனால் ஒரு சத்தம் இல்லை, வரிசை வரிசையாக மிஷின்கள் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்கின்றன. அம்மா எங்களை இழுத்துக்கொண்டு நேராகப் போய் ஒரு மிஷின் முன்னால் நின்று, "கண்ணு, இதுதா என்ற மிசினு" என்றார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் கை வைக்கும் இடத்தில் மட்டும் இரும்பு தேய்ந்து வழுவழுவென்று மின்னியது. பக்கத்து மிஷின் அக்கா, எதிர்வரிசை மாமா எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து அதே மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேலை, தலை நிறையப் பூ, அன்றைக்கு யார் முடியிலும் பஞ்சு இல்லை. மற்ற நாட்களில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும், அந்தத் தூசிதான் பின்னாளில் நெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு இருமலாக வந்தது.

அப்புறம் சங்கு, ஷிப்ட் நேரத்துக்கு மில்லில் ஊதும் சைரன். மில் சங்கு ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வளவில் பன்னிரண்டு வீடு, ஒரே கிணறு, கடிகாரம் இரண்டு வீட்டில்தான் இருந்தது, யாரும் அதைப் பார்த்ததில்லை. முதல் சங்குக்கு அடுப்பு பற்றவைப்பது, இரண்டாவது சங்குக்குத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்புவது. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று ஆள் மாறி மாறிப் போவதால் வளவு எந்த நேரமும் விழித்திருக்கும், ஒரு வீட்டில் தூங்குகிறவர் இருந்தால் பக்கத்து வீட்டில் அம்மியைக்கூட மெதுவாகத்தான் அரைப்பார்கள். முழு நைட் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் அன்றைக்கு யார் வீட்டில் இருக்கிறார்களோ அந்த வீட்டில் தூங்கும். இதை யாரும் பெரிய உதவியாக நினைத்தது கிடையாது. வெவ்வேறு மில்களின் சங்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரல், கண்ணை மூடிக்கொண்டு எந்த மில் என்று சொல்லிவிடுவோம். போனஸ் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டதா என்பதைப் பொறுத்துத்தான் எங்களுக்குத் தீபாவளி, அது முடியாமல் இழுத்த வருஷங்களில் ஜவுளிக்கடைக்காரரும் எங்களோடு சேர்ந்து கவலைப்படுவார்.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும். அமுச்சி பண்ணையத்தில் கூலிக்குக் கிடந்தவர், மில் வேலை கிடைத்த பிறகுதான் தன் மகள் மாதச் சம்பளத்தைக் கையில் எண்ணி வாங்கினாள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பார். மிஷினுக்கு முன்னால் எல்லா சாதியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றது. ஆனால் ஷிப்ட் முடிந்து வெளியே டீக்கடைக்குப் போனால் தனி டம்ளர் எடுக்க வேண்டியிருந்தவர்கள் இருந்தார்கள், அம்மாவே பார்த்திருக்கிறார். அதை முதலில் மறுத்து, எல்லோருக்கும் ஒரே டம்ளர் என்று டீக்கடையில் சண்டை போட்டது அவருடன் வேலை பார்த்தவர்கள்தான், எந்தத் தலைவரும் வந்து சொல்லி நடந்ததில்லை என்பார். இதெல்லாம் பத்திரிகைகளின் எந்தச் சிறப்பு மலரிலும் வராத செய்தி.

1946 ஜனவரி 8ஆம் தேதி கோவை மத்திய சிறையில் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று வருஷா வருஷம் அதே நாளில் நினைவிடத்தில் கூடுகிறார்கள். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு வரும் நாள் அது. பீளமேட்டில் பிறந்து வளர்ந்த என் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் எத்தனை பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் இந்த நால்வரின் பெயர் தெரியவில்லை, பக்கத்திலேயே இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்டும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், யாராவது சொல்லியிருந்தால்தானே.

அப்பாவின் பவுண்டரியைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் அவர் ஆத்மா மன்னிக்காது. மோல்டர், மணலில் அச்சுப் பிடிக்கிறவர். கரு மணலை ஈரம் பார்த்துக் கையில் பிடித்து அமுக்கி உடைத்துப் பார்ப்பார், உடையும் விதத்திலேயே அச்சு நிற்குமா நிற்காதா என்று தெரிந்துவிடும். குப்போலா உலையில் இரும்பு காய்ச்சும் நாளில் சாயங்காலம் எங்கள் தெருவின் ஒரு பக்க வானம் சிவந்திருக்கும், அன்றைக்கு அவர் சட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை விழுந்திருக்கும். அவர் வார்த்த பம்பு எந்த ஊர்க் கிணற்றில் ஓடியது என்று அவருக்குத் தெரியாது. கடைசிக் காலத்தில் பஸ்ஸில் போகும்போது வயலில் தண்ணீர் பாய்வதைக் கண்டால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். கிரைண்டரும் அப்படித்தான். 1955ல் பி.சபாபதி செய்த வெட் கிரைண்டர் பின்னால் புவிசார் குறியீடு வாங்கியது, எல்லோரும் பெருமைப்படுகிறோம், ஊத்துக்குளியில் அந்தக் கல்லைக் கொத்தினவர்களையும் இங்கே சந்துக்குச் சந்து பட்டறையில் டிரம் கடைந்தவர்களையும் யார் போய்ப் பார்த்தார்கள்?

மில்கள் எப்படி மூடின என்பது தனிக்கதை, நீளமாக எழுத இங்கே இடமில்லை. நலிந்த மில்கள் பலவற்றை 1974ல் அரசு எடுத்து நடத்தியது. கோவையில் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை அப்புறம் பழையபடி ஓடவில்லை. அம்மாவின் மில் அதற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே நின்றுவிட்டது. ஒருநாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கிராஜுவிட்டி வாங்க அம்மா அலைந்தது ஆறு வருஷம், அதற்குள் அவரோடு சேர்ந்து அலைந்தவர்களில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூடின பிறகும் ரொம்ப நாள் அம்மா நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். சங்கு ஊதாது. ஊதாது என்று தெரிந்தும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். நான் கேட்டதற்கு, "காதுக்குள்ள ஊதுது கண்ணு" என்றார்.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி. நல்லது, மனிதர்கள் குடியிருக்கட்டும், ஐ.டி. கம்பெனிகள் வரட்டும், எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். நான் பழைய மில்லைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் இந்த ஊர் பெயர்களை விடாமல் வைத்துக்கொள்ளும் ஊர் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 1945ல் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஆரம்பித்த காலேஜ் இடம் மாறி, பெயர் மாறி, தடாகம் ரோட்டில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக ஆகி எத்தனையோ காலம் ஆகிறது, பஸ் ஸ்டாப் இன்னும் "ஹோப் காலேஜ்"தான், கண்டக்டர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒரு கவர்னரின் பெயரை எண்பது வருஷம் சுமக்கத் தெரிந்த ஊருக்கு, தன்னை நூற்று வார்த்தவர்களின் பெயரையும் சுமக்கத் தெரியும். அவிநாசி ரோட்டிலேயே பழைய கார்களுக்கு அழகான அருங்காட்சியகம் இருக்கிறது, நானே இரண்டு முறை போய் வந்தேன். மூடிக் கிடக்கும் மில்களில் ஏதாவது ஒன்றில், ஒரே ஒரு கட்டடத்தில், நாலு மிஷினை வைத்து, மஸ்டர் ரோல் என்கிற பழைய வருகைப் பதிவேடுகளையும் சம்பளப் புத்தகங்களையும் கரையான் தின்பதற்கு முன்னால் எடுத்து வைத்து, ஒரு சங்கையும் வைத்தால் போதும். பெரிய செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. அரசும், மாநகராட்சியும், இந்த ஊரில் வளர்ந்த பெரிய நிறுவனங்களும் மனது வைத்தால் நடக்கும்.

அதற்கு நாளாகும் என்றும் தெரியும். அதனால் உங்களிடம் கேட்பது வேறு, உடனே செய்யக்கூடியது. வாரம் ஒரு பழைய தொழிலாளியை உங்கள் நிருபர் போய்ப் பார்க்கட்டும். பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், கணபதி, எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். பத்திரிகையில் கொஞ்சம் போட்டாலும் பேசியதை முழுசாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் இருந்தவர் சொல்வது ஒன்று, நூல் நூற்கும் ஸ்பின்னிங்கில் மிஷினின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் சொல்வது வேறு, வராத ஆளுக்குப் பதிலாக வேலை கிடைக்குமா என்று பதிலியாகவே பத்து வருஷம் கேட்டில் நின்றவர் சொல்வது முற்றிலும் வேறு. பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருந்தால் "நமக்கென்ன தெரியும்" என்று எழுந்து போய்விடுவார்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அம்மா அப்பாவின் டிரங்குப்பெட்டியைத் திறந்து பாருங்கள், சம்பளச் சீட்டு, கேட் பாஸ், சங்கச் சந்தா ரசீது எது இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பித்தளை டோக்கன், எட்டணா அளவு, நம்பர் பாதி தேய்ந்துவிட்டது, மேலே கட்டித் தொங்கவிட்ட நூலும் அந்த மில்லின் நூல்தான். மூடின அன்றைக்குத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் முடிந்து கொண்டுவந்துவிட்டதாக அம்மா இப்போதுதான், போன மாசம்தான், என்னிடம் சொன்னார். காலை பதினொரு மணிக்கு மேல் அம்மா ஓய்வாகத்தான் இருப்பார், பேச ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம் ஆகும், காது கொஞ்சம் மந்தம், நிருபர் உரக்கப் பேச வேண்டியிருக்கும். கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறோம், அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு ரீலிங் தொழிலாளியின் மகள்,
பூளைமேடு, கோவை - 4